முப்பத்தொன்றின் கூடு

காலை ஏழு. இன்னும் விடியவில்லை.
கோட்டிங்கனில் நவம்பர் என்றால் அப்படித்தான்.
கூண்டுக்கு ஒன்றாய் நேற்று மாலை வைத்த
பஞ்சுச் சதுரங்களுக்கு
இப்போது நான் மதிப்பெண் போட வேண்டும்.

தொடாமல் விட்டிருந்தால் ஒன்று.
கிழித்துப் பரப்பியிருந்தால் மூன்று.
தன் முதுகைவிட உயரமாய்ச் சுவரெழுப்பி
கிண்ணமாய் முடித்திருந்தால் ஐந்து.
யாரும் சொல்லித் தந்ததில்லை.
பல்லும் பஞ்சும் சந்தித்தால் கூடு, அவ்வளவுதான்.

பாதி எலிகளிடம் ஒரு புரதம் இல்லை.
நரம்பும் நரம்பும் தொடாமல் பேசிக்கொள்ளும் இடத்தில்,
செய்தி வந்து இறங்கும் கரைக்கு அடியில்,
வாங்கிகளைப் பிடித்து நிறுத்துகிற புரதம்.
பந்தல்கால் என்று வைத்துக்கொள்ளுங்கள்.
எந்தப் பாதி என்று எனக்குத் தெரியாது,
தெரியவும் கூடாது.
பட்டியல் ஃப்ராவ்கேயின் மேசை இழுப்பறையில்.
சாவி அவள் கழுத்தில்.

பத்து மணிக்குத் திரை.
ஒரு பக்கம் விமானம், ஒரு பக்கம் சிலந்தி;
பக்கம் மாறி மாறி வரும்.
விமானத்தை மூக்கால் தொட்டால்
ஒரு சொட்டு ஸ்ட்ராபெரி பால்.
சிலந்தியைத் தொட்டால் விளக்கு எரியும், வேறொன்றும் இல்லை.
பதினெட்டாம் எண் ஒன்பதே நாளில் பிடித்துக்கொண்டது.
முப்பத்தொன்று
இருபத்தாறாம் நாளும் சிலந்தியிடம் போய்
மரியாதையாய்க் காத்திருந்தது.

அதன் கூடும் கூடல்ல.
விடிய விடியக் கிழித்திருக்கிறது, நூல் நூலாய்.
கிழித்ததை அங்கங்கே விட்டுவிட்டு
வெறுந்தரையில் சுருண்டு தூங்குகிறது.
இரண்டரை போட்டேன்.
போட்ட கையோடு மனதுக்குள்
அதன் பந்தல்காலையும் பிடுங்கிவிட்டேன்.
பாவம், இன்னொரு துண்டுப் பஞ்சு வைக்கலாமா என்று
நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன்.
கணக்கு கெட்டுவிடும்.

இந்த ஊருக்கு வந்த புதிதில்
வேண்டர் சாலையைக் கடக்கும்போதெல்லாம்
என் கழுத்து முதலில் வலப்பக்கம் திரும்பும்.
கோவில்பட்டி பழக்கிய கழுத்து.
சைக்கிள் மணிகள் ஜெர்மனில் திட்டின.
எந்த வாரம் அது மாறியது என்று தெரியவில்லை.
போன பொங்கலுக்கு, பஸ் ஸ்டாண்டு வாசலில்,
இடப்பக்கம் பார்த்தபடி ரோட்டில் இறங்கினேன்.
வலப்பக்கம் உறுமிய ஷேர் ஆட்டோவுக்கு
கால் பின்வாங்கியது,
கழுத்துக்கு முன்னால், எனக்கும் முன்னால்.
டிரைவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

கழுத்து இரண்டு முறை கற்றது.
காலுக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

வெள்ளிக்கிழமை இழுப்பறை திறந்தது.
ஃப்ராவ்கே வாசிக்க வாசிக்க நான் கட்டம் நிரப்பினேன்.
பிறவிக்கு ஓர் அலமாரி, படிப்புக்கு ஓர் அலமாரி
என்று நம்பித்தான் இந்தச் சோதனையையே தொடங்கினேன்.
புரதம் இல்லாத கூட்டத்தில்
திரையும் சரிந்திருந்தது, கூடும் சரிந்திருந்தது.
ஒரே கால். இரண்டு பந்தல்.

'முப்பத்தொன்று?'
விரலை வரிசையில் ஓட்டினாள்.
'முழுசு. இதில் எதையும் எடுக்கவில்லை.'
வால்நுனித் துணுக்கை மறுபடி சோதித்தோம்.
முழுசு.

எல்லாக் கால்களும் ஊன்றியிருந்தும்
சிலந்தியை நம்பிய எலி.
வரைபடத்தில் அது ஒரு புள்ளி,
தன் கூட்டத்தைவிட்டு வெகுதூரம் தள்ளி.
எடுத்துவிட்டால் கோடு அழகாகும் என்றான் ஹென்னிங்.
விதியில் இடமில்லை என்றாள் ஃப்ராவ்கே.
புள்ளி இருக்கிறது.
ஏன் என்று எங்கள் மூவருக்கும் தெரியவில்லை.

ஏழரைக்கு வெளியே வந்தேன். தூறல்.
வேண்டர் சாலையில் சிவப்பு மனிதன்.
இடமும் காலி, வலமும் காலி,
கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு வண்டி இல்லை.
நாய் பிடித்த கிழவர், குடையில்லாத பெண்,
இரண்டு மாணவர்கள், நான்.
ஈரம் மின்னும் வெற்றுச் சாலையின் முன்
மரியாதையாய்க் காத்திருந்தோம்.